உண்ட மருந்து உதிரத்தை எட்டும் வழி

நீதி நூல்களுக்கு மருந்தின் பெயரைச் சூட்டும் வழக்கம் தமிழில் இருந்தது என்பதை அன்பர்கள் அறிவர். பதினெண்கீழ்க்கணக்கில் திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்னும் மூன்றும் அவ்வாறு பெயர் பெற்றவை. இவற்றுள் சிறுபஞ்சமூலத்தை இயற்றிய காரியாசானும் ஏலாதியை இயற்றிய கணிமேதாவியாரும் சமணச் சான்றோர்கள். திரிகடுகம் என்பது சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த மருந்து. ஏலாதி என்பது ஏலம், இலவங்கம், நாககேசரம் ஆகியவற்றோடு அதே மிளகும் திப்பிலியும் சுக்கும் சேர்ந்தது. மிளகும் திப்பிலியும் இரண்டு மருந்திலும் இடம்பெற்றிருப்பதை மனத்தில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சற்றுப் பின்னர் அவற்றிடம் திரும்பி வருவோம்.

இக்கட்டுரை எழுதக் காரணமாக இருந்தது ஒரு மணவீட்டில் நிகழ்ந்த உரையாடல். உறவினர் பெரியவர் ஒருவர் தம் கைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்து நம்மிடம் காட்டினார். மூட்டு வலிக்கு நல்லது என்று வெளிநாட்டிலிருக்கும் பேரன் அனுப்பியதாம். மஞ்சளிலிருந்து பிரித்தெடுத்த குர்குமின், அதனோடு மிளகுச் சத்து என்று அதன் மேல் எழுதியிருந்தது. "நம் வீட்டுக் குழம்பில் இல்லாத மஞ்சளா, நம் இரசத்தில் இல்லாத மிளகா? இதை எதற்காக இவ்வளவு விலை கொடுத்து வாங்குகிறார்கள்?" என்று அவர் வினவினார். நல்ல வினா. ஆயினும், பேச்சின் நடுவில் அவருடைய துணைவியார் சொன்ன ஒரு செய்தி நம்மைத் திடுக்கிடச் செய்தது. பெரியவர் இருதய நோயின் பொருட்டு, இரத்தம் உறையாமலிருக்க நெடுநாளாக மாத்திரை உண்டு வருபவர். மஞ்சள் குப்பியைப் பற்றி அவர் தம் மருத்துவரிடம் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "மஞ்சள்தானே" என்று விட்டுவிட்டார்.

அவருடைய வினாவிற்கும், அவர் சொல்லாமல் விட்டதற்கும் விடை ஒன்றே. அதனை அறிய, நாம் உண்ணும் மூலிகைப் பொருள் வாயிலிருந்து உதிரம் வரை செல்லும் வழியை அறிய வேண்டும்.

ஏரியும் கடைமடையும்

வேளாண்மை செய்யும் நம் குடும்பங்களுக்கு இதனை விளக்குவது எளிது. ஏரியில் எவ்வளவு நீர் நிற்கிறது என்பது ஒரு கணக்கு. கடைமடை வயலுக்கு எவ்வளவு நீர் வந்து சேர்ந்தது என்பது வேறொரு கணக்கு. மதகில் அடைப்பு இருக்கலாம். வாய்க்காலில் மண் குடித்துவிடலாம். வழியிலுள்ளோர் மடை மாற்றிக்கொள்ளலாம். ஏரி நிரம்பியிருக்கக் கண்டு கடைமடைக்காரன் நாற்று விட்டால் அவன் பாடு என்னாகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

மூலிகையில் உள்ள சத்துக்கும் இதே நிலைதான். உண்ட பொருள் முதலில் இரைப்பையின் அமிலத்தைக் கடக்க வேண்டும். பின்னர்ச் சிறுகுடலின் நீரில் கரைய வேண்டும். கரையாதது எதுவாயினும் மலத்தோடு வெளியேறிவிடும். கரைந்தது குடலுறிஞ்சிகளின் மெல்லிய சுவரைக் கடக்க வேண்டும். அச்சுவரிலுள்ள உயிரணுக்கள் வெறும் சல்லடை அல்ல, காவலரும் ஆவர். அன்னியப் பொருள் உள்ளே புகுந்தால் அதைப் பிடித்து மீண்டும் குடலுக்குள்ளேயே தள்ளும் புரதங்கள் அங்கே உள்ளன. அதன் உருவை மாற்றிவிடும் நொதிகளும் உள்ளன. இவற்றையெல்லாம் தாண்டிய பொருள் நேரே உடல் முழுதும் பரவிவிடுவதில்லை. குடலிலிருந்து புறப்படும் சிரை அதனை முதலில் கல்லீரலுக்கே கொண்டு செல்கிறது. கல்லீரல் அதனோடு குளுகுரோனிக் அமிலம் போன்றதொரு பொருளைப் பிணைத்து, நீரில் எளிதில் கரைந்து வெளியேறும்படி செய்துவிடுகிறது. இத்தனைக்கும் பிறகு எஞ்சி, பொது இரத்த ஓட்டத்தில் உருமாறாமல் சேரும் பங்கையே மருந்தியலார் அளந்து பார்க்கின்றனர்.

உடல் இவ்வாறு செய்வது குற்றமன்று. செடிகள் தம்மை உண்ண வரும் உயிர்களிடமிருந்து தம்மைக் காத்துக்கொள்ளப் பல நச்சுப் பொருள்களை ஆக்கி வைத்திருக்கின்றன. நாள்தோறும் செடிகளை உண்டு வாழும் நாம் உயிரோடிருப்பதற்கு இந்தக் காவலே காரணம். மருந்து என்று நாம் பெயரிட்டிருப்பது அக்காவலருக்குத் தெரியாது.

மஞ்சளின் கதை

மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் 1815இல் பிரித்தெடுக்கப்பட்டது. அதன் வேதிக் கட்டமைப்பு 1910இல் வெளியிடப்பட்டது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் வளர்க்கும் உயிரணுக்களின் மேல் இதனை இட்டுப் பார்த்தவர்கள் வியந்து போயினர். அழற்சி தணிகிறது, புற்றுநோய் அணுக்கள் மடிகின்றன என்றெல்லாம் ஆயிரக்கணக்கான ஆய்வுரைகள் வெளிவந்துள்ளன. நாளிதழ்களில் நாம் காணும் "மஞ்சள் புற்றுநோயைத் தீர்க்கும்" என்னும் தலைப்புகளுக்கு மூலம் பெரும்பாலும் இத்தகைய கண்ணாடித் தட்டுகளே. தட்டில் உள்ள அணுவின் மேல் பொருளை நேரே ஊற்றிவிடுகிறார்கள். அங்கே மதகும் இல்லை, வாய்க்காலும் இல்லை.

உயிருள்ள உடலில் நடப்பது வேறு. 1978இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் எலிகளுக்குக் குர்குமினை உண்ணக் கொடுத்து அளந்தபோது, ஏறத்தாழ முக்கால் பங்கு மலத்திலேயே வெளியேறிவிட்டது. இரத்தத்தில் சேர்ந்தது மிகமிகச் சொற்பம். (இத்தகைய சோதனைகளுக்காக உயிரினங்கள் படும் துன்பத்தை நாம் உடன்படவில்லை. எனினும் நடந்ததை மறைத்து எழுதுதலும் தகாது.) குர்குமின் நீரில் கரைய மறுக்கும் பொருள். கரைந்தாலும் நிலைத்து நிற்பதில்லை. இரத்தத்தை ஒத்த இலேசான காரத்தன்மையுடைய நீர்மத்தில் அதனை வைத்தால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடுவதை 1997இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எஞ்சியதைக் குடற்சுவரும் கல்லீரலும் உருமாற்றிவிடுகின்றன.

அடுத்த ஆண்டாகிய 1998இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தோர் ஒரு சோதனையை வெளியிட்டனர். நலமுடன் இருந்த சில தன்னார்வலர்களுக்கு 2 கிராம் குர்குமின் கொடுத்து இரத்தத்தைச் சோதித்தனர். இரத்தத்தில் அது காணவே இல்லை, அல்லது மிகக் குறைவாகவே காணப்பட்டது. பின்னர் அதே 2 கிராமுடன் 20 மில்லிகிராம் பைபெரின் சேர்த்துக் கொடுத்தனர். பைபெரின் என்பது மிளகுக்கும் திப்பிலிக்கும் காரம் தரும் சத்து. முதல் ஒரு மணி நேரத்திற்குள் இரத்தத்தில் குர்குமின் அளவு வெகுவாக உயர்ந்தது. உயர்வு 2000 விழுக்காடு என்று கணக்கிட்டனர்.

இன்று விற்பனைக்கு வரும் எண்ணற்ற குப்பிகளின் மேல் அச்சிடப்பட்டிருக்கும் "இருபது மடங்கு" என்னும் சொல் இந்த ஒரு சோதனையிலிருந்தே புறப்பட்டது. ஏறத்தாழ ஒன்றுமில்லாததன் இருபது மடங்கு எவ்வளவு என்பதை விற்பவர் சொல்வதில்லை. அந்த உயர்வும் நெடுநேரம் நின்றதன்று.

மிளகு செய்யும் வேலை

மிளகு எவ்வாறு இதனைச் செய்கிறது? ஜம்முவிலுள்ள மண்டல ஆராய்ச்சிக்கூடத்தில் சி. கே. அடல் என்பவரும் அவர் குழுவினரும் இதனை வெகு காலம் முன்பே ஆராயத் தொடங்கியிருந்தனர். ஆயுர்வேத மருந்துகளில் மிகப் பலவற்றில் திரிகடுகு ஏன் தவறாமல் சேர்க்கப்படுகிறது என்பதே அவர்களுடைய கேள்வி. பைபெரின் தானே நோயைத் தீர்ப்பதைவிட, பிற மருந்துகளை உடல் உருமாற்றாதவாறு நொதிகளைத் தடுத்து நிறுத்துகிறது என்று 1985இல் அவர்கள் எழுதினர். அதாவது மிளகு மதகை அகலப்படுத்தவில்லை. வழியில் நிற்கும் காவலரைச் சிறிது நேரம் உறங்க வைக்கிறது. பொருளைக் குடலுக்குள் திருப்பித் தள்ளும் புரதத்தையும் அது தடுப்பதாகப் பின்னர் அறியப்பட்டது.

இந்த ஆய்வு ஏட்டோடு நின்றுவிடவில்லை. காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் என்னும் மருந்தைப் பைபெரினுடன் சேர்த்து, வழக்கமான 450 மில்லிகிராமுக்கு மாற்றாக 200 மில்லிகிராம் அளவில் கொடுக்கும் கூட்டு மருந்துக்கு 2009இல் இந்தியாவில் ஒப்புதல் கிடைத்தது. திரிகடுகத்தைக் கூட்டியவர்களுக்கு நொதி என்னும் சொல் தெரியாது. எனினும் எது எதனோடு சேர்ந்தால் பயன் கூடும் என்பதை அவர்கள் நெடுங்காலம் கவனித்திருக்கிறார்கள் என்பதை மறுக்க இயலாது. இதைக் கொண்டு, பழைய மருந்துகள் யாவும் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டன என்று முழங்குவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் செல்ல விரும்பவில்லை.

இனி, பெரியவர் கேட்ட சமையலறைக் கணக்கிற்கு வருவோம். மஞ்சள் தூள் 100 கிராமில் குர்குமின் ஏறத்தாழ 3 கிராம் இருக்கும். குழம்பில் இடும் அரைத் தேக்கரண்டி மஞ்சள் தூளை ஒன்றரை கிராம் எனக் கொண்டால், குர்குமின் 45 மில்லிகிராம். நால்வர் உண்ணும் குழம்பாயின் ஒருவருக்கு 11 மில்லிகிராம் அளவே வரும். பெங்களூரில் கொடுத்த 2 கிராமை எட்ட ஒருவர் ஒரே வேளையில் 65 கிராமுக்கு மேல் மஞ்சள் தூள் உண்ண வேண்டும். எந்த இல்லத்தரசியும் அதற்கு உடன்படமாட்டார். மிளகின் கணக்கோ வேறு விதம். நல்ல மிளகில் நூற்றுக்கு 5 பங்குக்குக் குறையாமல் பைபெரின் உண்டு. ஆகவே 20 மில்லிகிராம் என்பது ஏறத்தாழ பத்து மிளகு; பொடித்துச் சேர்த்த வெண்பொங்கலில் அது வந்துவிடும். பெரியவர் மிளகைப் பற்றிச் சொன்னது சரி, மஞ்சளைப் பற்றிச் சொன்னது சரியன்று என்று ஆகிறது. தாளிக்கும் எண்ணெயிலும் பாலின் கொழுப்பிலும் குர்குமின் கரையும் என்பதால் நம் சமையல் முறை அதற்குத் துணையே. ஆயினும் குழம்பு மஞ்சள் உணவு. குப்பி மஞ்சள் வேறு.

காயத்தின் மேல் மஞ்சள் பூசுவதற்கு இந்தத் தடைகள் எவையும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அங்கே பொருள் சேர வேண்டிய இடத்திலேயே வைக்கப்படுகிறது. அந்தப் பயனுக்கு அமெரிக்காவில் 1995இல் வழங்கப்பட்ட காப்புரிமையை நம் நாட்டு அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் கழகம் எதிர்த்து வாதாடி 1997இல் நீக்கச் செய்தது பலருக்கு நினைவிருக்கும்.

நித்தியகல்யாணி

உண்பதற்கும் உதிரத்தில் சேர்வதற்கும் உள்ள வேறுபாட்டை நம் வீட்டு முற்றத்திலுள்ள நித்தியகல்யாணியைப் போல் தெளிவாகக் காட்டுவது பிறிதில்லை. அதன் இலைக் கஷாயம் நீரிழிவைக் குறைக்கும் என்னும் நம்பிக்கை மேற்கிந்தியத் தீவாகிய ஜமைக்காவில் இருந்தது. 1952இல் அங்கிருந்து கனடா நாட்டுக்குச் சில இலைகள் அனுப்பப்பட்டன. ராபர்ட் நோபிள் என்னும் ஆராய்ச்சியாளர் அதன் சாற்றை எலிகளுக்கு வாய் வழியாகக் கொடுத்தார். சர்க்கரை குறையவில்லை. வேறு எதுவும் நிகழவுமில்லை. பின்னர் அதே சாற்றை ஊசி வழியாகச் செலுத்தியபோது எலிகள் நோய்த்தொற்றால் இறந்தன. காரணத்தைத் தேடியபோது அவற்றின் வெள்ளணுக்கள் பெரிதும் குறைந்து போயிருந்தன. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள் வெள்ளணுக்கள் மிகுந்து வரும் புற்றுநோய்க்கு மருந்தாகுமன்றோ என்னும் எண்ணம் பிறந்தது. வின்பிளாஸ்டின் 1958இல் அறிவிக்கப்பட்டது. பின்னர் வந்த வின்கிரிஸ்டின் இன்றளவும் குழந்தைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றியமையாதது. இரண்டும் நரம்பு வழியாகவே செலுத்தப்படுகின்றன. வாய் வழியாகக் கொடுத்தால் எவ்வளவு சேரும் என்று உறுதி கூற இயலாது. அளவு சற்றுக் கூடினாலும் கேடு விளைவிக்கும் மருந்து அது. ஆகவே, புற்றுநோய் மருந்து இதிலிருந்துதான் வருகிறது என்று கேள்விப்பட்டு இலையை மென்று தின்பவருக்கு மருந்தும் கிடைப்பதில்லை, நஞ்சின் அச்சமும் நீங்குவதில்லை.

இதற்கு நேர்மாறாக மரமஞ்சளில் உள்ள பெர்பெரின் நம்மைத் தலையைச் சொறிய வைக்கிறது. எலிகளில் அளந்தபோது, உண்டதில் நூற்றில் ஒரு பங்குகூட இரத்தத்தை எட்டவில்லை. ஆனால் உண்டவர்களுக்கு இரத்தக் கொழுப்புக் குறைவதாகச் சீன ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்டனர். குடலிலுள்ள நுண்ணுயிரிகள் அதனை எளிதில் உட்கிரகிக்கத்தக்க வேறொரு வடிவமாக மாற்றித் தருகின்றன என்று 2015இல் ஒரு விளக்கம் வந்தது. குடலிலேயே தங்கிச் செய்யும் வேலையும் இருக்கக்கூடும். கடைமடைக்கு நீர் எட்டவில்லை என்பதாலேயே பயிர் விளையாது என்று தீர்ப்புச் சொல்லிவிட முடியாத இடமும் உண்டு.

காவலர் உறங்கும்போது

மிளகுச் சத்து காவலரை உறங்க வைக்கும்போது மஞ்சளை மட்டும் உள்ளே விடு என்று அவர்களிடம் சொல்வதில்லை. அதே வேளையில் வாசலில் நிற்கும் வேறு மருந்துகளும் கூடுதலாக உள்ளே நுழைகின்றன. ஆஸ்துமாவுக்குத் தரும் தியோபிலின், இரத்த அழுத்தத்திற்குத் தரும் பிரோபிரனலால், வலிப்பு நோய்க்குத் தரும் பெனிடாயின் ஆகியவற்றின் அளவு பைபெரினால் இரத்தத்தில் உயர்வதை நம் நாட்டு ஆய்வுகளே காட்டியுள்ளன. பழங்களிலும் இது உண்டு. 1989இல் கனடாவில் ஓர் ஆய்வின்போது சாராயத்தின் சுவையை மறைப்பதற்காகத் திராட்சைப்பழ ஆரஞ்சு எனப்படும் கிரேப்ஃப்ரூட் சாற்றைக் கலந்து கொடுத்தனர். சாராயத்தைப் பற்றி அறிய முனைந்தவர்கள், சாற்றினால் இரத்த அழுத்த மருந்தின் அளவு பன்மடங்கு உயர்ந்ததைக் கண்டனர். அதற்கு இனமான பம்பளிமாசிலும் அத்தகைய பொருள்கள் உள்ளன.

பொங்கலில் மிளகு உண்பதும் ஆபத்தா என்று சிலர் கேட்கக்கூடும். மருத்துவர் ஒருவருக்கு மருந்தின் அளவை நிலைநிறுத்தும்போது அவர் வழக்கமாக உண்ணும் உணவோடு சேர்த்தே அது பொருந்திவிடுகிறது. பிரித்தெடுத்த சத்து புதிதாக, நாள்தோறும், மாத்திரையோடு மாத்திரையாகச் சேரும்போதுதான் கணக்குப் பிறழ்கிறது. வார்ஃபரின் உண்டு வந்த ஒருவர் மஞ்சள் சார்ந்த பொருளைத் தொடங்கிய சில வாரங்களில், இரத்தம் உறையும் அளவைக் காட்டும் எண் 10க்கு மேல் சென்றுவிட்டதாக நியூசிலாந்து அரசின் மருந்துப் பாதுகாப்புப் பிரிவு 2018இல் எச்சரித்தது. அவ்வெண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் வைக்கப்படுவது. பத்து என்றால் எங்கேனும் குருதி கசியத் தொடங்கினால் நிற்காது என்று பொருள்.

கல்லீரலும் தப்பவில்லை. மருந்துகளால் கல்லீரலுக்கு ஏற்படும் கேட்டைப் பதிவு செய்யும் அமெரிக்க ஆய்வு வலையமைப்பு ஒன்று, மஞ்சள் சார்ந்த குப்பிகளால் நேர்ந்ததாகக் கருதிய பத்துப் பேரின் நிலையை 2022இல் வெளியிட்டது. பத்தும் 2011க்குப் பின் நேர்ந்தவை. ஐவர் மருத்துவமனையில் சேர நேர்ந்தது, ஒருவர் உயிரிழந்தார். சோதிக்கப்பட்ட ஏழு பொருள்களில் மூன்றில் பைபெரின் இருந்தது. எழுவரிடம் ஒரே வகையான பரம்பரைக் கூறு காணப்பட்டது என்பதால் இது எல்லோருக்கும் வருவதன்று. எவருக்கு வரும் என்று முன்கூட்டிச் சொல்லவும் வழியில்லை. தலைமுறை தலைமுறையாக மஞ்சள் உண்டும் நமக்கு ஒன்றும் நேரவில்லையே என்னும் வாதம் இங்கே செல்லாது. தலைமுறை தலைமுறையாக நாம் உண்டது கடைமடைக்கு எட்டாத மஞ்சள். எட்டும்படி செய்த பிறகு அதற்கு அந்தப் பழைய நற்சான்று பொருந்தாது.

இவ்வளவு முயன்றும் குர்குமின் எந்த நோய்க்கேனும் மருந்தாகி விட்டதா? 120க்கும் மேற்பட்ட மருத்துவச் சோதனைகளை அலசி 2017இல் வேதியியலார் எழுதிய மதிப்புரை ஒன்று, ஐயத்திற்கிடமில்லாத வெற்றி எதுவும் கிட்டவில்லை என்றது. அதன் பின்னும் ஆய்வுகள் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெரியவரிடம் இவற்றையெல்லாம் மணவீட்டின் சந்தடியில் விரிவாகக் கூற இயலவில்லை. குப்பியை மருத்துவரிடம் காட்டி இரத்தத்தைச் சோதிக்குமாறு மட்டும் கேட்டுக்கொண்டோம். அதற்குள் அவருடைய துணைவியார் கண்ணாடியை அணிந்துகொண்டு குப்பியின் பின்புறத்தைப் படித்தார். கூடு ஜெலட்டினால் ஆனது என்று சிறிய எழுத்தில் இருந்தது. ஜெலட்டின் என்பது விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. பெரியவர் குப்பியை மேசையின் மேல் வைத்துவிட்டுக் கை கழுவச் சென்றார். செடியின் சத்து என்று பெயரிருந்தால் கூடும் செடியினுடையது என்று கொள்ளலாகாது. செல்லுலோஸிலிருந்து செய்யும் தாவரக் கூடுகள் இப்போது கிடைக்கின்றன. அவையும் குடலில் நன்கு கரைபவையே. நம் நாட்டில் உணவுத் துணைப்பொருளாக விற்கப்படுபவற்றில் பச்சைக் குறியைப் பார்த்து வாங்கலாம். மருத்துவர் எழுதித் தரும் மருந்தாயின் கடைக்காரரிடம் கேட்டறிய வேண்டும். கூட்டிற்காக மருந்தைத் தாமே நிறுத்திவிடாமல், அதே மருந்து மாத்திரையாகவோ நீர்மமாகவோ கிடைக்குமா என்று மருத்துவரைக் கேட்பது நலம்.

நம் இல்லங்களுக்கே உரிய மற்றொன்றும் உண்டு. சில மருந்துகள் கொழுப்புள்ள உணவோடு உண்டால்தான் உட்கிரகிக்கப்படும். சிலவற்றுக்கு வெறும் வயிறு வேண்டும். சீட்டில் "இரவு உணவுக்குப் பின்" என்று எழுதும் மருத்துவர் இரவு ஒன்பது மணியை எண்ணி எழுதுகிறார். பொழுது சாயுமுன் உண்டு முடிப்பவர்கள் அதை அவரிடம் முன்கூட்டிச் சொன்னால் அதற்கேற்ப நேரத்தை மாற்றித் தருவார். பருவ நாட்களில் வெந்நீர் மட்டும் அருந்தி உபவாசம் இருப்போரும், நாள்தோறும் மாத்திரை உண்பவராயின், அந்நாட்களுக்கு என்ன செய்வது என்பதை உபவாசம் தொடங்குமுன்பே அவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.